மூன்றாவது கட்டம்

வார்டில் அவளுக்குத் தாளிப்பு என்று பெயர். சாப்பாட்டு வண்டியை உருட்டிக்கொண்டு அவள் உள்ளே வந்தாலே, காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி அந்த நீளமான அறையில் எங்காவது ஒரு மூலையில் படபடவென்று வெடிக்கும். ஏழாம் படுக்கையில் இருந்த ஒரு தையல்காரர் வைத்த பெயர் அது. தையல்காரர் குணமாகி வீட்டுக்குப் போய் ஆறு வருஷமாகிறது. பெயர் மட்டும் டிஸ்சார்ஜ் ஆகவில்லை.

"இந்த மேஜையைக் கால்மாட்டுல தள்ளி வெச்சது யாரு? இவரு என்ன காலால சாப்பிடுவாரா?"

"துடைக்கிறதுக்காகத் தள்ளியிருப்பாங்கக்கா," என்பாள் சிஸ்டர்.

"துடைச்சவங்களுக்குத் திரும்ப இழுத்து வைக்கத் தெரியாதா? பல்லு எங்க? அய்யா, உங்க பல்லு எங்க? ஜன்னல்ல டம்ளர்ல மிதக்குது பாருங்க. பல்லு அங்க இருக்கு, முட்டை இங்க இருக்கு, ரெண்டும் எப்ப பார்த்துக்கப்போகுது?"

கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். அவள் வேடிக்கைக்காகப் பேசுவதாக மற்றவர்கள் நினைத்தார்கள். நிஜமாகவே அவளுக்குக் கோபம். காலையில் முகம் கழுவும்போதே அது அவளோடு எழுந்துவிடும்.

அவள் மருத்துவமனை ஊழியர் அல்ல. சாப்பாடு வழங்க ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் ஆள். சாம்பல் நிற மேல்சட்டை, தலைக்கு வலைத்தொப்பி, கைக்கு மெல்லிய உறை. காலையும் மதியமும் அவள் முறை, சாயங்காலம் வேறொருத்தி. முப்பத்தாறு படுக்கைக்கும் தட்டு வைக்க வேண்டும். இருபத்தைந்து நிமிஷம் கழித்து முதல் படுக்கையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு வர வேண்டும். எடுத்த தட்டைப் பார்த்து, வண்டியின் மேலே அட்டையில் செருகியிருக்கும் தாளில் ஒரு டிக் போட வேண்டும். தாளில் மூன்று கட்டங்கள். 'முழுதும்', 'பாதி', 'மறுத்தார்'.

அவ்வளவுதான். அந்தத் தாளை அச்சடித்த புண்ணியவான், தட்டில் சோறு மிஞ்ச உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் உண்டு என்று முடிவு செய்திருந்தார். மூடியைத் திறக்க விரலில் வலுவில்லாதவர், மூக்குக்கண்ணாடி காணாமல் தட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர், வலது கையில் ஊசி குத்தியிருப்பதால் அசைக்கப் பயந்தவர், எக்ஸ்ரே எடுக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் தட்டைப் பறிகொடுத்தவர் என எல்லாரும் அந்த மூன்றாவது கட்டத்துக்குள் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தார்கள். அந்தத் தாள் டாக்டர் பார்க்கும் ஃபைலுக்குள் போகும். டாக்டர் அதைப் படிப்பார். மறுத்தார். மறுத்தார். மறுத்தார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷம் அவளும் அப்படித்தான் போட்டாள். இடது கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, தட்டை ஓரக்கண்ணால் பார்த்து, ஒரே இழுப்பு. டிக். அடுத்த படுக்கை. அவள் வேகமான ஆள் என்று பெயர் எடுத்திருந்தாள். முப்பத்தாறு தட்டையும் பதினான்கு நிமிஷத்தில் அள்ளிவிடுவாள். படுத்திருக்கும் முகத்தைப் பார்த்தால் இருபது நிமிஷம் ஆகிவிடும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பிக்கு விபத்து நடந்தது. அவன் வெல்டர். தொழிற்சாலையில் சிலிண்டர் வெடித்தது. ஊரின் மறுகோடியில் வேறொரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. முகத்தில் ஒன்றும் இல்லை. பேச்சு, கிண்டல் எல்லாம் பழையபடி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பார்வையாளர்களை உள்ளே விடமாட்டார்கள். விட்டிருந்தாலும் அவளால் போயிருக்க முடியாது, அந்நேரம் அவள் இங்கே மற்றவர்களுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருப்பாள். நாலு மணிக்கு மேல் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போவாள். அவள் உரித்துக் கொடுக்கக் கொடுக்க அவன் நாலு பழத்தை மூச்சு விடாமல் முழுங்குவான்.

"மெதுவாடா. குரங்குகூட இவ்வளவு வேகமாத் திங்காது."

"குரங்குக்கு உன்னை மாதிரி உரிச்சுத் தர அக்கா இருக்காளா?"

"சாப்பாடெல்லாம் ஒழுங்காப் போடறாங்களா?"

"வேளாவேளைக்கு வருதுக்கா."

வந்தது. அதில் பொய்யே இல்லை. வந்தது, திரும்பியும் போனது. பதினேழாம் நாள் அவன் செத்துப் போனான். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். பசி என்று ஒருவரும் சொல்லவில்லை, அவளும் அப்படி நினைக்கவில்லை. பிறகு தொழிற்சாலை விசாரணைக்காக ஃபைலின் நகல் கேட்டு வாங்கினாள். வீட்டில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். நடுவில் அந்தத் தாள் வந்தது. அதே நிறுவனம், அதே அச்சு, அதே மூன்று கட்டங்கள். முதல் நான்கு நாளும் 'பாதி' என்று இருந்தது, யாரோ ஒரு புண்ணியவதி பாவம் பார்த்து ஊட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பத்தொன்பது இடத்தில் மூன்றாவது கட்டத்தில் டிக்.

இரண்டு கையிலும் கட்டுப் போட்டவன். மறுத்தாராம்.

அந்த டிக்கைத்தான் அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே லேசாக வழுக்கி, மேலே விசுக்கென்று ஏறி, நுனியில் தாளைக் கிழிக்கும் டிக். ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு போடுபவர்களுக்குத்தான் அது அப்படி வரும். போட்டது வேறு யாரோ. ஆனால் அது அவளுடைய டிக். அப்படி எத்தனை டிக் அவள் போட்டிருப்பாள், எத்தனை தம்பிகளுக்கு என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு வந்த கோபம் பிறகு இறங்கவே இல்லை. அதில் பாதி நிறுவனத்தின் மேல், பாதி தன் மேல். எந்தப் பாதி எந்த நேரத்தில் வெடிக்கும் என்று அவளுக்கே தெரியாது.

அதன் பிறகு மூடிகளைத் திறந்தாள். மேஜைகளை இழுத்தாள். கை வராதவர்களுக்கு ஊட்டினாள். இனிக்க இனிக்கப் பேசி ஊட்டுகிறவள் இல்லை அவள். "வாயைத் திறங்க. இன்னும். நான் என்ன உங்க தொண்டையில வீடு கட்டவா போறேன்?" என்று திட்டிக்கொண்டே ஊட்டுவாள். ஆனால் கரண்டி மட்டும் அவசரப்படாது. முந்தின வாய் இறங்கிவிட்டதா என்று தொண்டையைப் பார்ப்பாள். நிமிர்த்தி உட்காரவைக்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தரமாட்டாள்.

இதெல்லாம் குற்றம். நோயாளியைத் தொடக்கூடாது என்பது அவள் நிறுவனத்தின் விதி. ஊட்டுவது சிஸ்டர்கள் வேலை. சிஸ்டர்கள் நாலு பேர், படுக்கை முப்பத்தாறு. சூப்பர்வைசர் அவளைவிட இருபது வயது சின்னவன், தன் மேலிடத்துக்கு நடுங்குகிறவன். ஒரு முறை எச்சரிக்கைக் கடிதம் கொண்டுவந்து நீட்டினான்.

"கையெழுத்துப் போடுங்கக்கா. வாங்கிக்கிட்டீங்கன்னுதான் அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல."

"போட மாட்டேன்."

அவன் பெருமூச்சு விட்டு, கடிதத்தின் அடியில் 'கையெழுத்திட மறுத்தார்' என்று எழுதினான். அதை எட்டிப் பார்த்த அவள் அன்றைக்கு ஒருநாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இத்தனை வருஷத்துல நீங்க இந்த வார்த்தையைச் சரியா எழுதினது இப்பதான் தம்பி."

பதினான்காம் படுக்கைக்குச் சலூன்காரர் வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஞாயிறு அவளுக்கு விடுமுறை, திங்கள் வேறொரு வார்டில் ஆள் இல்லையென்று அனுப்பிவிட்டார்கள். அதனால் செவ்வாய்க்கிழமை காலையில்தான் அவரைப் பார்த்தாள். எழுபதைத் தாண்டிய மனிதர். காய்ச்சலுக்காகச் சேர்த்திருந்தார்கள், காய்ச்சல் இறங்கிவிட்டது. உடம்பு மட்டும் தேறவில்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய், சட்டையின் கழுத்துக்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போலிருந்தது. மீசை மட்டும் நூல் பிடித்த மாதிரி திருத்தமாக இருந்தது. கை இரண்டும் ஓயாமல் நடுங்கின. பல வருஷமாக இருக்கிற நோய், அதற்காகவே கடையை மூடினாராம்.

"நடுங்குற கையில கத்தி. எவன் கழுத்தை நீட்டுவான், சொல்லும்மா," என்றார். சத்தம் மிகவும் சின்னதாக வந்தது, குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

அவள் மூடியைத் திறந்தாள். ரொட்டி, பால், வேகவைத்த முட்டை. கரண்டியை எடுத்தாள்.

"வேண்டாம். நானே சாப்பிடுவேன்."

"கை ஆடுதே அய்யா."

"ஆடட்டும். அம்பது வருஷம் ஊர்ல இருக்கறவன் முகத்தையெல்லாம் நான் பிடிச்சேன். என் முகத்தை இன்னொருத்தர் பிடிக்க விட மாட்டேன்."

அவளுக்குச் சுரீரென்றது. ஆனாலும் விட்டாள். தொலைவில் நின்று பார்த்தாள். கரண்டி தட்டிலிருந்து கிளம்பும்போது இருந்த பால், வாய்க்குப் போய்ச் சேரும்போது இல்லை. மூன்றாம் முறை கரண்டி மூக்கில் இடித்தது. அவர் சுற்றிலும் பார்த்தார், யாராவது பார்க்கிறார்களா என்று. பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கரண்டியை வைத்துவிட்டு, பசி இல்லாதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியம் அவள் தட்டு வைக்கும் வரிசையை மாற்றினாள். முதல் படுக்கையில் தொடங்காமல் பதினான்கில் தட்டை வைத்தாள். எடுக்கும்போது மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கடைசியாகப் பதினான்குக்கு வந்தாள். ஒரு மணி நேரம் கிடைத்தது அவருக்கு. ஒரு மணி நேரத்தில் நாலில் ஒரு பங்கு உள்ளே போயிருந்தது, நாலில் ஒரு பங்கு சட்டையில் இருந்தது. அவள் 'பாதி'யில் டிக் போட்டாள். அது பொய் என்று தெரிந்தே போட்டாள்.

புதன்கிழமை மதியம் சிஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, பதினாலுக்கு வெள்ளிக்கிழமை காலையில குழாய் போடறாங்க. மூக்கு வழியா. டாக்டர் எழுதிட்டாரு."

"எதுக்கு?"

"எடை குறைஞ்சுகிட்டே போகுது. எட்டு வேளை மறுத்திருக்காரு. டாக்டர் கேட்டதுக்கு அவரே பசிக்கலன்னு சொல்லிட்டாரு."

"அவருக்கு முழுங்க முடியுமா முடியாதா?"

"முடியும். அதெல்லாம் பார்த்தாச்சு. நேரமாகும், அவ்வளவுதான். அந்த நேரம்தான் யார்கிட்ட இருக்கு? எனக்கு இப்ப ஒன்பது பேருக்கு ஊசி இருக்கு." சிஸ்டரின் கண்கள் சிவந்திருந்தன. "என்னைத் திட்டாதீங்கக்கா. போங்க."

அவள் சிஸ்டரைத் திட்டவில்லை. நேரே பதினான்குக்குப் போய்த் திரையை இழுத்து மூடினாள்.

"பசிக்கலன்னு சொன்னீங்களா?"

சலூன்காரர் போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார்.

"நாளன்னைக்குக் காலையில மூக்குல குழாய் விடப் போறாங்க. அதைப் பிடுங்கிடுவீங்கன்னு ரெண்டு கையையும் கட்டினாலும் கட்டுவாங்க. அப்ப உங்க முகத்தை யார் பிடிப்பாங்கன்னு நினைக்கிறீங்க? கூட்டமா வந்து பிடிப்பாங்க. மீசையை ஒட்டிப் பிளாஸ்திரி போடுவாங்க. மரியாதையா இருக்குமா அது?"

"போம்மா."

"பசிக்குதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். முதுகெலும்பு ஒவ்வொன்றாகச் சட்டை வழியாகத் தெரிந்தது. தட்டு அப்படியே இருந்தது. அன்றைக்கு அவர் நிஜமாகவே மறுத்தார். அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மனசு வரவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனாள். சூப்பர்வைசர் பின்னால் வந்து நிரப்பிக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். கிழத்துக்கு என்ன வீம்பு. பசிக்கிற வயிற்றை வைத்துக்கொண்டு பசிக்கவில்லை என்று சொல்ல என்ன கொழுப்பு. வேளாவேளைக்கு வருதாம். அதைச் சொன்னது சலூன்காரர் இல்லை என்பது தெருத் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அங்கேயே கொஞ்ச நேரம் ஒரு கடையின் மூடிய கதவில் சாய்ந்து நின்றுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை அவள் தட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பியபோது, பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"பசிக்குது."

அவள் நின்றாள்.

"முந்தாநாள்ல இருந்து பசிக்குது. அதுக்கு முன்னாடியும் பசிச்சுது. டாக்டர் கூட நாலு பேர் நிக்கறாங்க. சின்னச் சின்னப் பொண்ணுங்க. என் வாய்க்குக் கரண்டி எட்டலன்னு அவங்க முன்னாடி எப்படிம்மா சொல்றது?"

"இப்ப என்கிட்டச் சொன்ன மாதிரிதான்."

"நீ வேற."

"ஏன், நான் பொண்ணு இல்லையா?"

"நீ பொண்ணா? நீ தாளிப்பு," என்றார். அந்தப் பெயர் அவர் காதுக்கும் போயிருந்தது.

அவள் திரையை மூடினாள். தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். ரொட்டியைப் பாலில் ஊறப் போட்டாள். பிறகு கரண்டியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"கரண்டி உங்க கையில. முழங்கை என் கையில. நான் ஊட்டல, நீங்க சாப்பிடறீங்க. சரியா?"

அவர் யோசித்தார். "கத்தி பிடிக்கறப்பவும் அப்படித்தான். முழங்கை நின்னாப் போதும், மணிக்கட்டு தானா வரும்."

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏன்யா பட்டினி கிடந்தீங்க?"

அவள் முழங்கையைத் தாங்கினாள். எலும்பும் தோலும்தான், ஆனால் அதற்குள் நடுக்கம் இயந்திரம் போல ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை எதிர்த்து அழுத்தவில்லை. அதோடு கூடவே போனாள். கரண்டி வாய்க்குள் நேராகப் போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். விழுங்கினார். அடுத்த வாய். நடுவில் ஓய்வு. அடுத்த வாய். ரொட்டி முழுதும் போனது. முட்டை போனது. பாலைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஐம்பது நிமிஷம் ஆனது.

திரையை விலக்கியபோது சூப்பர்வைசர் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மற்ற முப்பத்தைந்து தட்டையும் அவனே எடுத்து அடுக்கியிருந்தான். முகம் வியர்த்திருந்தது. தாளும் நிரம்பியிருந்தது. பதினான்குக்கு நேரே மூன்றாவது கட்டத்தில் டிக்.

"தம்பி, இது என்ன?"

"இருபத்தஞ்சு நிமிஷத்துல தட்டு வரலன்னா மறுத்தார்னுதானேக்கா போடணும்? விதி அதுதான்."

"அந்த ஆளு உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது மறுத்தார்னு போட்டியா?"

"எனக்குத் தட்டு வரலக்கா."

அவள் காலித் தட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்தா வந்துருச்சு. பாரு. நக்கி வெச்ச மாதிரி இருக்கு. கழுவக்கூட வேண்டாம்." பேனாவைப் பிடுங்கி அந்தக் கட்டத்தின் ஓரத்தில் எழுதினாள்: 'இல்லை. முழுதும் சாப்பிட்டார். 50 நிமிடம்.'

"ஐயோ, தாளைக் கெடுத்துட்டீங்களே! கட்டத்துக்கு வெளிய எழுதக்கூடாது. என் கையெழுத்து இருக்குக்கா இதுல!"

அவன் புதுத்தாள் எடுத்தான். அவள் கண் முன்னாலேயே, வண்டியின் மேல் வைத்து, முப்பத்தாறு டிக்கையும் திரும்பப் போட்டான். பதினான்குக்கு வரும்போது கை ஒரு நொடி தயங்கியது. பிறகு மூன்றாவது கட்டத்திலேயே விழுந்தது. பழைய தாளை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"எனக்கும் வேலை வேணும்க்கா," என்றான். "மதியத்துல இருந்து நீங்க பத்தொன்பதுல இருந்து அந்தப் பக்கம் மட்டும் பாருங்க. இந்தப் பக்கம் வேற ஆள் வரும். நாளைக்கு மறுபடியும் உங்களை இந்தப் பக்கம் பார்த்தேன்னா மேலிடத்துக்கு எழுதித்தான் அனுப்புவேன்."

அன்று மதியம் பதினான்காம் படுக்கைத் தட்டு எப்படிப் போனதோ அப்படியே திரும்பியது. அவள் பத்தொன்பதாம் படுக்கையிலிருந்து அதைப் பார்த்தாள். கையிலிருந்த மூடியை அவள் வைத்த சத்தத்தில் அந்த வரிசையே திடுக்கிட்டது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு டாக்டர் வந்தார். சுற்றிப் பயிற்சி டாக்டர்கள் நாலு பேர். அந்த நேரத்தில் சாப்பாட்டு வண்டிக்காரர்கள் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். அவள் வெளியே நின்றாள். பதினான்குக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் குழாயைச் சுருட்டி வைத்திருந்தது கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கதவு பாதி திறந்திருந்ததால் பேச்சும் கேட்டது.

"பதிமூணு வேளை மறுத்திருக்கார்," என்று ஃபைலைப் பார்த்து டாக்டர் படித்தார். "ஏன் அய்யா சாப்பிட மாட்டேங்கிறீங்க?"

சலூன்காரர் கூரையைப் பார்த்தார். நாலு பேரையும் பார்த்தார். வாயைத் திறந்து மூடினார்.

"சரி, தொடங்கலாம்," என்றார் டாக்டர்.

வண்டியை எப்போது விட்டாள், எப்போது நடந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. படுக்கையின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"அவரு மறுக்கல டாக்டர்."

டாக்டர் திரும்பினார். "நீங்க யாரு?"

"தட்டு எடுக்கறவ."

"ஃபைல்ல எழுதியிருக்கே."

"அது தட்டைப் பத்தி எழுதினது டாக்டர். ஆளைப் பத்தி இல்ல. திரும்பி வந்த தட்டை வண்டியில வெச்சுப் பார்த்து எழுதறோம். நான்தான் எழுதறேன். எனக்குத் தெரியாதா? நேத்திக்குக் காலையில அவரு முட்டை, ரொட்டி, பால் எல்லாம் சாப்பிட்டாரு. அதுக்கும் மறுத்தார்னுதான் இருக்கும், பாருங்க." குரல் உயர்ந்துகொண்டே போவது அவளுக்கே தெரிந்தது. "இவரைக் கேளுங்க. எதுக்கு இந்தத் தாளைக் கேக்கறீங்க?"

"அக்கா," என்று சிஸ்டர் அவள் கையைப் பிடித்தாள்.

 டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, குனிந்து படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அய்யா, நீங்க சொல்லுங்க."

 முப்பத்தைந்து படுக்கையும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. சலூன்காரர் டாக்டரைப் பார்க்கவில்லை, தாளிப்பைத்தான் பார்த்தார். நடுத்தெருவில் தன் வேட்டியை உருவியவளைப் பார்க்கிற பார்வை அது. கண்ணில் தண்ணீர் நின்றது, கோபத்தில். அந்தப் பார்வையை எடுக்காமலே சொன்னார்.

"பசிக்குது. கை வாய்க்கு எட்டல." மூச்சு வாங்கினார். "யாராவது கூட இருந்து ஊட்டி விடணும்."

யாரும் சிரிக்கவில்லை. சின்னப் பெண் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் குழாயை எடுத்துப் போகச் சொன்னார். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். யார் ஊட்டுவது என்று கேட்டதற்கு சிஸ்டர், "நாங்க நாலு பேர்தான் இருக்கோம் டாக்டர்," என்று மட்டும் சொன்னாள். மகள் இருக்கிறாள், பஸ் டிப்போவில் டிக்கெட் கொடுக்கிற வேலை, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள் என்றார் சலூன்காரர். விடச் சொல்லி டாக்டர் எழுதினார். எழுந்து போகும்போது அவளிடம், "நீங்க இப்படி நடுவுல வரக்கூடாது," என்றார்.

"சரி டாக்டர்," என்றாள். "நீங்களும் முதல்லயே உட்கார்ந்து கேட்டிருக்கலாம்."

மதியம் சீருடையோடு மகள் ஓடிவந்தாள், மூச்சிரைக்க. எதிர் வரிசையிலிருந்து தாளிப்பு பார்த்தாள். மகள் கரண்டி நிறையச் சோற்றை அள்ளி அள்ளித் திணித்தாள். அவர் திணறி இருமினார். தாளிப்பு பத்தொன்பதைத் தாண்டி வந்தாள்.

"ஏம்மா, அது வாயா, உண்டியலா? முந்தினது இறங்கிச்சான்னு பார்க்க வேண்டாமா?"

"எனக்கு ரெண்டு மணிக்கு டூட்டிக்கா. பதட்டமா இருக்கு," என்றாள் மகள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"பதட்டத்தை டிப்போவுல வெச்சுட்டு வா. கரண்டியை அப்பா கையில கொடு. நீ முழங்கையைப் பிடி. அழுத்தாத. அது ஆடினா கூட ஆடு. ம். இப்ப மேல."

சலூன்காரர் தாளிப்பின் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு வாய் இறங்கியதும் மகளிடம் சொன்னார்: "அவங்களைப் போகச் சொல்லு."

"போறேன். யாரு இங்க குடியிருக்கப் போறா? முழங்கையை விட்டுடாதம்மா."

சூப்பர்வைசர் கதவருகில் காகிதத்தோடு காத்திருந்தான். நாளையிலிருந்து நாலாவது மாடி. இந்த முறை அவள் பேசாமல் கையெழுத்துப் போட்டாள். அவன்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து மகள் அவளைத் தேடிக்கொண்டு நாலாவது மாடிக்கு வந்தாள். கறுப்புப் புடவை. தாளிப்பு வண்டியை நிறுத்தினாள்.

"அப்பா போன வாரம் போயிட்டாருக்கா. வீட்டுலயேதான். கடைசி வரைக்கும் வாயாலதான் சாப்பிட்டாரு. உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு." கொஞ்சம் தயங்கினாள். "உங்க மேல கோபம் மட்டும் போகவே இல்ல அவருக்கு. அந்தப் பொம்பள ஊருக்கு முன்னாடி என்னைச் சொல்ல வெச்சுட்டான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

"இருக்கட்டும். கோபப்படறதுக்குச் சோறு உள்ள போகணும். போயிருக்கு." அவள் வலைத்தொப்பியை இழுத்துச் சரிசெய்தாள். "கடைசியா என்ன சாப்பிட்டாரு?"

"முட்டை. பாதிதான் சாப்பிட்டாரு. மீதியை வேண்டாம்னுட்டாரு."

"வேண்டாம்னு அவரே சொன்னாரா? இல்ல, உனக்கு டூட்டிக்கு நேரமாச்சுன்னு நீ எடுத்துட்டியா?"

"இல்லக்கா. நான் பக்கத்துலயேதான் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம். அவரே என் கையைத் தள்ளிவிட்டு, போதும்னாரு."

தாளிப்பு அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள், பொய்யா என்று. பிறகு தலையாட்டினாள்.

"அப்ப சரி," என்றாள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. வண்டியைத் தள்ளினாள்.